தன் கைத்திறனைத் தானே அளத்தல்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில் உயர்கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு, சட்ட உரிமைகள் ஆகியவை குறித்து அறிஞர் பலர் விரிவாகப் பேசியிருக்கின்றனர். எனக்குத் தரப்பட்ட பொருள் கைத்திறனும் தன்மதிப்பும் என்பதாகும். இப்பெரும்பொருளை ஒரு சிறுபொருளின் வழியாகப் பேச விழைகின்றேன். உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு விமான மாதிரியே அச்சிறுபொருள்.

"வெள்ளி விழாவில் விளையாட்டுப் பொருளுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஓய்வு நேரத்தில் மாதிரி செய்யும் ஒருவர், செய்து முடித்ததை மேசைமீது வைத்துவிட்டுத் தம்மைத் தாமே வினவுகிறார்: "நான் செய்தது நன்றாக இருக்கிறதா?" அவ்வினாவிற்கு நேர்மையான விடை காண்பது எத்துணைக் கடினம் என்பதை அவர் நன்கறிவார். நம் மக்களுக்கோ அவ்வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளும் வாய்ப்பே நெடுங்காலம் கிட்டியதில்லை. நாம் செய்தவற்றின் தரத்தைச் செய்பொருளைப் பாராமல், நம் பிறப்பைப் பார்த்தே பிறர் முடிவு செய்தனர். நீரோட்டம் அறிந்து மடை திறந்த கை, நாற்றின் நிறம் கண்டு வயலின் பசி அறிந்த கை, பறைக்குத் தோலை இழுத்துக் கட்டி ஒலி கூட்டிய கை ஆகியவற்றின் நுட்பம் எந்தத் திறன் பட்டியலிலும் ஏறவில்லை. எனவே தன் திறனைத் தானே அளக்கக் கற்பது நமக்குப் பொழுதுபோக்கு அன்று. அது நம் கல்வியின் ஒரு பகுதி.

அளவுமாதிரி என்பது யாது?

உண்மைப் பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யப்படுவது அளவுமாதிரி. விமான மாதிரிகளில் பெரிதும் வழங்கும் விகிதம் 1/72 ஆகும். அதாவது உண்மையில் 72 அங்குலம் உள்ள நீளம் மாதிரியில் 1 அங்குலமாகும். 72 அங்குலம் என்பது 6 அடி. ஆகவே ஆறடி மனிதன் ஓரங்குல உருவாகிவிடுகிறான். இங்கிலாந்தில் 1930களில் பரவிய இவ்விகிதம், அடி அங்குலக் கணக்கிற்கு எளிதாக அமைந்தமையால் நிலைத்துவிட்டது.

1953-ஆம் ஆண்டு ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் 'ஸ்பிட்ஃபயர்' போர்விமானத்தின் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங் விலைக்கு விற்றது. சிறுவரின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கும் விலை அது. அதன்பின் இக்கலை வேகமாகப் பரவிற்று. 1963-இல் இங்கிலாந்தில் பிளாஸ்டிக் மாதிரி செய்வோருக்கென ஒரு சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அதன் கிளை அமெரிக்காவில் எழுந்தது.

இத்தகைய பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்கி எடுக்க வேண்டும். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் எழும் கோட்டை அரத்தால் நீக்க வேண்டும். பாகங்களைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். அப்பசை பிளாஸ்டிக்கையே சற்று இளக்கி இரண்டையும் ஒன்றாக்குவது. மிகுதியாக இட்டால் பாகமே உருகிவிடும். இடைவெளி இருப்பின் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பின்னர் வண்ணம் பூசி, நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களைப் பதிக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் சின்னத்தை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் பளபளக்கும். ஆகையால் முதலில் வழவழப்பான பூச்சு ஒன்று தருவர்.

இங்கு ஒரு கணக்கைக் கவனியுங்கள். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி நின்றுவிட்டது என்போம். "அரை மில்லிமீட்டர்தானே!" என்று தோன்றும். அதனை 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். அதாவது உண்மை விமானத்தில் இரண்டு விரல் நுழையும் வெடிப்பு! அத்தகைய வெடிப்போடு எந்த விமானமாவது வானில் ஏறுமா? மாதிரியில் சிறு பிழை என்று ஒன்று இல்லை. விகிதத்தால் பெருக்கிப் பார்க்கும்போதுதான் பிழையின் உண்மையான அளவு தெரியவரும்.

தன் கண்ணே தன்னை ஏமாற்றும்

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பயின்றவன். அரம் பிடிக்கவும் மூலைமட்டம் வைக்கவும் அங்கே கற்றேன். எனினும் என் முப்பதாம் வயதில் முதன்முதலாக ஒரு ஸ்பிட்ஃபயர் மாதிரியைச் செய்து முடித்தபோது, கற்ற பாடத்தை எல்லாம் மறந்தேன். பார்த்தவர் யாவரும் "அசல் விமானமே போலிருக்கிறது" என்றனர். நானும் நம்பினேன். வீட்டு அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அதனை வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அதனைச் சமமான கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, இரு இறக்கை நுனிகளின் உயரத்தையும் எஃகு அளவுகோலால் அளந்தேன். இடப்புற நுனி வலப்புற நுனியைக் காட்டிலும் 4 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. உண்மை விமானத்தில் அது 288 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓரடி! அத்தனை மாதங்கள் நாள்தோறும் பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. காரணம் யாதெனின், நான் பார்த்தது மாதிரியை அன்று. அதற்காகக் கண்விழித்த இரவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றத்தார் புகழ்ந்ததும் பொய் அன்று, அது அன்பு. ஆனால் அன்பு அளவுகோல் ஆகாது.

இது என் ஒருவனின் குறையன்று. 1999-ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் என்னும் இரு உளவியலறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தருக்கம், இலக்கணம், நகைச்சுவையுணர்வு ஆகியவற்றில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, அவரவர் தம் திறனைத் தாமே மதிப்பிடுமாறும் கேட்டனர். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள், நூற்றுவர் வரிசையில் சராசரியாக 12-ஆம் படியில் நின்றுகொண்டு, தாம் 62-ஆம் படியில் நிற்பதாகக் கருதினர். முன்னணியில் இருந்தவர்களோ தம்மைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டனர். இவ்வேறுபாட்டில் எவ்வளவு உளவியலால் வந்தது, எவ்வளவு கணக்கீட்டு முறையால் வந்தது என்று பிற்கால அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர். எனினும் அவ்வாய்வின் இறுதிப் பகுதி நமக்கு இன்றியமையாதது. பின்தங்கியவர்களுக்குத் தருக்கத்தில் சிறிது பயிற்சி அளித்தபோது, தம் விடைகளில் எவை பிழை என்பதை அவர்களே முன்னினும் நன்றாகக் கண்டுகொண்டனர்.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு வேலையை நன்றாகச் செய்யும் அறிவும், அது நன்றாக இருக்கிறதா என்று கண்டறியும் அறிவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. இணைப்புக்கோட்டை நீக்கத் தெரியாதவனுக்கு அக்கோடு கண்ணில் படுவதே அரிது. ஆதலால் தன் குறையைக் காணாதவனை எள்ளுவது பயனற்ற செயல். அவனுக்குக் கற்றுக்கொடுப்பதே முறை.

ஒரு கறுப்பர் பள்ளியில் உருவான விமானங்கள்

அளவுகோலின் பெருமையை உணர்த்தும் ஒரு வரலாற்றை இனிக் கூறுகின்றேன். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றிரவு 'எண்டர்பிரைஸ்' என்னும் அமெரிக்கக் கப்பலின் விமானங்கள் அங்கே இறங்க வந்தபோது, தரையிலும் கப்பல்களிலும் இருந்த பீரங்கி வீரர்கள் அவற்றைப் பகை விமானங்கள் என்று எண்ணிச் சுட்டனர். மூன்று விமானிகள் தம்மவர் குண்டுகளுக்கே இரையாயினர். வானில் தோன்றும் உருவத்தை இன்னதென்று அறியத் தவறுவதன் விலை உயிர் என்பது கண்கூடு.

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டுக் கல்வி அலுவலகத்தின் வாயிலாகப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. 50 வகை விமானங்களில் வகைக்கு 10,000 வீதம் 5,00,000 மர மாதிரிகள் வேண்டும். யாவும் 1/72 விகிதத்தில் அமைந்து, கருநிறம் பூசப்பட வேண்டும் என்பதே அது. அவ்விகிதத்தில் செய்த மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை அரை மைல் தொலைவில் காண்பது போன்றிருக்கும். 35-ஐ 72-ஆல் பெருக்குங்கள். 2,520 அடி வரும். அரை மைல் என்பது 2,640 அடி. வானத்தை நோக்கிக் காவல் நிற்போருக்கு விமானங்களை அடையாளம் காணக் கற்பிக்கும் பாடப்பொருள்களாக அம்மாதிரிகள் பயன்பட்டன.

மாணவன் செதுக்கியது சரிதானா என்பதைக் கண்டறிய வழி யாது? வரைபடத்திலிருந்து வெட்டிய டெம்ப்ளேட் என்னும் வடிவ அட்டைகள் இருந்தன. உடலின் குறுக்கே ஓர் அட்டை, இறக்கையின் மேல் ஓர் அட்டை என்று வைத்துப் பார்க்க வேண்டும். அட்டைக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அங்கே மரம் குறைந்திருக்கிறது; அட்டை ஏறி அமராவிட்டால் அங்கே மரம் மிகுந்திருக்கிறது. தேர்வாளர் வருவதற்கு முன்பே மாணவன் தன் பிழையைத் தானே கண்டுகொள்ளலாம். ஏற்கப்பட்ட மாதிரிகளைப் பொறுத்து மாணவர்களுக்குக் கௌரவப் பதவிப் பெயர் பொறித்த சான்றிதழ்களும் வழங்கப்பட்டன.

அந்நாளில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைத்திருந்தனர். அப்பிரிவினை சட்டப்படி செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல்தான். 1902-இல் தொடங்கப்பெற்ற ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்பள்ளி கறுப்பின மாணவர்களுக்குரியது. அப்பள்ளி மாணவர்களும் 1942-இல் கடற்படைக்காக விமான மாதிரிகளைச் செய்தனர். மார்ஜரி காலின்ஸ் என்னும் பெண் புகைப்படக் கலைஞர் அக்காட்சியைப் படமெடுத்தார். அப்படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். அம்மாணவர்கள் யாருக்காக மாதிரி செய்தார்களோ, அக்கடற்படை அப்போது கறுப்பின இளைஞர்களை உணவுக்கூடப் பணியாளர்களாக மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்தது. பேர்ள் துறைமுகத்தில் பயிற்சியே பெறாத இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய டோரிஸ் மில்லரும் உணவுக்கூடப் பணியாளரே. 1942 ஜூன் 1 முதற்கொண்டுதான் பொதுப்பணிக்கான கதவு கறுப்பின மக்களுக்குத் திறந்தது. அவர்களுள் பதின்மூவர் கடற்படை அதிகாரிகளாக ஆனது 1944 மார்ச்சில்தான்.

ஆளெடுக்கும் அலுவலகம் அம்மாணவர்களின் தோலைப் பார்த்தது. வடிவ அட்டைக்கோ தோலின் நிறம் தெரியாது. வெள்ளை மாணவன் செதுக்கிய இறக்கைக்கு ஓர் அட்டை, கறுப்பு மாணவன் செதுக்கிய இறக்கைக்கு வேறோர் அட்டை என்று இருந்ததில்லை. பொருந்தினால் பொருந்தியதுதான், பொருந்தாவிடில் எவன் செய்ததாயினும் பொருந்தாததுதான். அளவுகோல் இரக்கம் காட்டாது, இழிவும் செய்யாது. ஒடுக்கப்பட்டவனுக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அட்டை பொருந்தியதால் மட்டும் கப்பலின் கதவு திறந்துவிடவில்லை. அதற்கு அம்மக்களின் அமைப்புகளும் இதழ்களும் தலைவர்களும் போராட வேண்டியிருந்தது. திறமை மட்டும் போதும், போராட்டம் வேண்டா என்று கூறுவோரை நம்பிவிடாதீர்கள். கற்பதும் ஒன்றுசேர்வதும் போராடுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அண்ணல் அம்பேத்கர் நமக்கு உணர்த்தியிருக்கின்றார். தன் திறனின் அளவை அறிந்தவன் உரிமை கேட்கும்போது அவன் குரல் தளர்வதில்லை என்பதே நான் கூற வருவது.

வரிசையும் தரமும்

மாதிரி செய்வோர் தம் படைப்புகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து போட்டியிடுவது வழக்கம். அப்போட்டிகளில் இருவகை மதிப்பீட்டு முறைகள் வழங்குகின்றன. முதலாவது, ஒரு பிரிவில் வந்துள்ள மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துவது. நான் முன்னர்க் குறிப்பிட்ட சங்கத்தின் அமெரிக்கக் கிளை தன் தேசியப் போட்டிகளில் நெடுங்காலம் இம்முறையைப் பின்பற்றி வந்துள்ளது. நடுவர்கள் முதலில் நோக்குவது அடிப்படை வேலையையே. இணைப்புக்கோடு மறைந்துள்ளதா, இறக்கைகள் நேராக உள்ளனவா, சக்கரங்கள் யாவும் தரையைத் தொடுகின்றனவா என்று சிறு கைவிளக்கின் ஒளியில் பார்ப்பர். வண்ணத்தின் அழகு அதற்குப் பின்னரே. அழகிய வண்ணம் கோணிய இறக்கையைக் காப்பாற்றாது.

இரண்டாவது, ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே ஒரு தரத்தோடு ஒப்பிடுவது. கவச வாகன மாதிரிகளுக்கென அமைந்த 'ஆம்ப்ஸ்' என்னும் அமெரிக்கச் சங்கம் இம்முறையைக் கையாள்கிறது. தகுதி பெற்றவை பத்து இருப்பின் பத்திற்கும் தங்கப் பதக்கம். ஒன்றும் தகுதி பெறாவிடில் ஒன்றுக்கும் இல்லை. அங்கே தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என்னும் பிரிவுகளும் உண்டு. தன்னை மிகைப்படுத்தி மேல்நிலையில் புகுந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். எளிய வெற்றியை நாடித் தொடக்கநிலையிலேயே தங்குபவர் வளர்ச்சியை இழப்பார். தன்னை அறிதலே அங்கு முதற்சோதனை.

முதல் முறையைத் தவறென்று நான் கூறவில்லை. வேலையை வைத்து வரிசைப்படுத்துவதும், பிறப்பை வைத்து வரிசைப்படுத்துவதும் ஒன்றல்ல. எனினும் அண்டை மேசையை மட்டுமே பார்த்துத் தன்னை அளக்கும் பழக்கத்தில் ஒரு தீங்கு உண்டு. சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்னும் நிறைவில், தனக்கு மேலே உள்ளவன் தன்னை மிதிப்பதையும் மறந்துவிடும் மனநிலையை அது வளர்க்கிறது. "அவனைவிட நான் மேல்" என்பதில் நிறைவு காண்பவன், தான் எட்ட வேண்டிய உண்மை அளவை ஒருபோதும் தேடமாட்டான். பக்கத்து மாதிரி கோணலாக இருப்பதால் என் இறக்கை நேராகிவிடுமா?

குறைத்து மதிப்பிடும் நோய்

இதுவரை தன்னை மிகைத்து மதிப்பிடும் பிழையைப் பற்றிப் பேசினேன். நம்மிடையே அதனினும் ஆழமாக வேரூன்றிய பிழை ஒன்று உண்டு. வார இறுதிகளில் நான் பாடம் சொல்லச் சென்ற விடுதி ஒன்றில் நம் மாணவர் ஒருவர் இருந்தார். தம் ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை 1/50 விகிதத்தில் அட்டையும் மூங்கில் குச்சியும் கொண்டு செய்திருந்தார். அத்தொட்டியின் குழாய் ஊரின் பிற தெருக்களுக்கெல்லாம் போன பின்னரே அவர் தெருவை எட்டியது என்று பின்னர் அறிந்தேன். பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில், மாதிரியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார். ஏன் என்று வினவினேன்.

"வேண்டாம் ஐயா, வெளியில் வைத்தால் சிரிப்பார்கள். நம் கைக்கு இவ்வளவுதான் வரும்" என்றார்.

நான் அவரைத் தேற்றவில்லை, புகழவும் இல்லை. அவர் குறித்து வைத்திருந்த அளவுகளின் தாளையும் ஓர் எஃகு அளவுகோலையும் அவர் கையில் தந்து, "நீயே அளந்து சொல், தம்பி" என்றேன். தொட்டியின் விட்டம், தூண்களின் உயரம், ஏணிப்படிகளின் இடைவெளி என்று பதினான்கு அளவுகள் இருந்தன. ஒவ்வொன்றாக அளந்தார், தாளில் எழுதினார். பதினொன்று ஒரு மில்லிமீட்டருக்குள் சரியாக இருந்தன. மூன்று தவறியிருந்தன. சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, இந்த மூன்றையும் திருத்த ஒரு நாள் போதும்" என்றார்.

அன்பர்களே, "நம் கைக்கு" என்று தொடங்கிய பேச்சு "இந்த மூன்று" என்பதில் வந்து முடிந்தது. இம்மாற்றத்தைத்தான் நான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன். "நம் கைக்கு வராது" என்பது அந்த மாணவர் தாமாகக் கண்டறிந்த உண்மை அன்று; பிறர் அவர் செவியில் ஓதிய தீர்ப்பு. அத்தீர்ப்பை எதிர்த்து "நீ மிகச் சிறந்தவன்" என்று நான் கூறியிருப்பின், அதுவும் பிறர் தந்த தீர்ப்பாகவே இருந்திருக்கும். பதினொன்று சரி, மூன்று தவறு என்பதோ அவரே கண்டது. அதனை எவரும் அவரிடமிருந்து பறிக்க இயலாது. குறையைக் குலத்தின்மேல் ஏற்றினால் அதனைத் திருத்த வழியில்லை. ஏணிப்படியின்மேல் கண்டால் ஒரு நாளில் திருத்திவிடலாம்.

செய்யத் தக்கவை

திருவள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். வலிமையை அறிதல் என்பது நாளும் பழக வேண்டிய ஒன்று. மாதிரி செய்வோரின் பழக்கங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஐந்தினை உங்களுக்குச் சொல்கின்றேன்.

முதலாவது, தொடங்குமுன் அளவை எழுதி வையுங்கள். முடித்த பின்னர் அளவைத் தேடுபவன் தன் வேலைக்கு ஏற்றவாறு அளவை வளைத்துக்கொள்வான். தேர்வுக்குப் படிப்பவரும் இவ்வாறே, எந்த வினாவிற்கு எவ்வளவு நேரத்தில் விடை எழுத வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வண்ணத்திற்கு முன் பிரைமர் பூசுங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக அதனைப் பூசியவுடன், மறைந்திருந்த கீறலும் கோடும் தெளிவாகத் தெரியும். அலங்காரம் செய்யுமுன் குறையை வெளிக்கொணர்வதே அதன் பணி. நீங்கள் எழுதிய கட்டுரையை உரக்கப் படிப்பதும், போட்ட கணக்கை விடையிலிருந்து திருப்பிப் போட்டுப் பார்ப்பதும் அத்தகைய பிரைமரே.

மூன்றாவது, செய்ததைச் சில நாள் ஒதுக்கி வைத்துப் பின்னர் நோக்குங்கள். படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உழைத்த களைப்பும் பெருமிதமும் அடங்கிய பின்னரே கண் தெளியும்.

நான்காவது, நல்ல வேலையை நேரில் சென்று பாருங்கள். குரூகரும் டன்னிங்கும் செய்த ஆய்வில், பிறர் எழுதிய விடைத்தாள்களைக் கண்ட பின்னர் முன்னணியில் இருந்தவர்கள் தம் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டனர். பின்தங்கியவர்கள் கண்டும் திருத்திக்கொள்ளவில்லை. ஆகவே வெறுமனே பார்த்தல் போதாது. இவர் ஏன் இவ்வாறு செய்தார் என்று அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒருவர் வேலையை மற்றொருவர் அளக்கும் வழக்கத்தை நம்மிடையே ஏற்படுத்துங்கள். மாதிரிச் சங்கங்களில் தாம் போட்டியிடும் பிரிவுக்குத் தாமே நடுவராக அமர்வதில்லை. அதுபோல நம் இரவுப் பாடசாலையிலும் தையல் வகுப்பிலும் ஒருவர் செய்ததை இன்னொருவர் அளந்து, "நன்று", "தீது" என்னும் சொற்களை விடுத்து, இன்ன இடத்தில் இவ்வளவு என்று மட்டும் கூறட்டும். குறை கூறும்போது ஆளைத் தொடாதீர்கள், பொருளைத் தொடுங்கள்.

நிறைவுரை

இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியையும் நாம் இவ்வாறே அளந்து பார்க்க வேண்டும். விழா நாளில் புகழுரைகள் மிகுதி. அவை அன்பின் வெளிப்பாடுகள். நாளை காலை செயற்குழுவினர் தொடக்க நாள் நோக்கங்களைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் எட்டியது எவ்வளவு, எட்டாதது எவ்வளவு என எழுதுவார்களாயின், அதுவே இவ்வெள்ளி விழாவின் சிறந்த பயனாகும். எட்டாதவை சில இருக்கும். அவற்றைக் கண்டு நாம் நாண வேண்டியதில்லை.

என் வீட்டு அலமாரியில் அந்தக் கோணல் ஸ்பிட்ஃபயர் இன்றும் இருக்கிறது. அதன் அடியில் "இடப்புறம் 4 மி.மீ. உயர்வு" என்று ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கின்றேன். அதற்குப் பின் செய்த மாதிரிகளுக்கும் அவ்வாறே சீட்டு உண்டு. கடைசியாகச் செய்ததில் அவ்வேற்றத்தாழ்வு அரை மில்லிமீட்டர். உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர். இன்னும் குறைக்க இடமுண்டு.

இளைஞர்களே! பிறர் நம்மை அளந்த கோல் பொய்க்கோல் என்பதை நம் முன்னோர் உயிர் கொடுத்து மெய்ப்பித்தனர். மெய்யான கோலை எடுத்து நம்மை நாமே அளந்துகொள்வது நம் தலைமுறையின் கடமை.